வழக்காறு கேட்ட நீதியரசர் முத்துசாமி ஐயர்

மயிலாப்பூரிலிருந்து உயர்நீதிமன்றம் செல்லும் வழக்கறிஞர்கள், அங்கே வெறுங்கால்களுடன் அமர்ந்திருக்கும் ஒரு சலவைக்கல் சிலையைக் கண்டிருப்பர். சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி, சர் திருவாரூர் முத்துசாமி ஐயரின் சிலை அது.

1832-இல் தஞ்சை மண்ணில் வறிய குடும்பத்தில் பிறந்த அப்பெருமகனார், இளமையில் கிராமக் கணக்கரிடம் மாதம் ஒரு ரூபாய்க்கு ஊழியம் புரிந்தார். தெருவிளக்கொளியில் பயின்றார் என்பது வழிவழியாய் வரும் செய்தி. 1877-இல் உயர்நீதிமன்ற நீதிபதியானார். 1893-இல் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் விளங்கினார்.

அவர் எதிர்கொண்ட வழக்குகளில் நூற்சட்டத்திற்கும் மக்கள் வழக்காற்றிற்கும் இடையே எழுந்த பூசல் பெரிது. அன்று சென்னை மாகாணத்தின் பகுதியாயிருந்த மலபாரில் மருமக்கள்தாயம் நிலவிற்று. சொத்து தாய்வழித் தறவாட்டிற்குரியது. மூத்த தாய்மாமனாகிய காரணவரே அதன் ஆட்சியாளர். சம்பந்தம் என்னும் மணவுறவை மக்கள் திருமணமாகவே போற்றினர். நீதிமன்றங்களோ அதனைச் சட்டப்படியான மணமாக ஏற்கவில்லை. எனவே தந்தை ஈட்டிய பொருளில் மனைவி மக்களுக்கு உரிமையில்லாது போயிற்று. நாஞ்சில் நாட்டில் இத்தகைய முறை விளைத்த துயரைக் கவிமணி 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' நூலில் பாடியதை நாம் அறிவோம்.

சங்கரன் நாயர் கொணர்ந்த மசோதாவை ஆராய 1891-இல் அமைந்த மலபார் திருமண ஆணையத்திற்கு முத்துசாமி ஐயரே தலைவர். சங்கரன் நாயரும், 'இந்துலேகா' ஆசிரியர் சந்துமேனனும் அதில் உறுப்பினர்கள். வழக்காற்றுப்படியே சம்பந்தம் மணமாதலின் புதுச்சட்டம் வேண்டா என்று சந்துமேனன் மாறுபட்டார். மாறுபட்ட கருத்தும் அரசின் முன் வைக்கப்பட்டது.

1895-இல் ஐயர் மறைந்தார். மறு ஆண்டு பிறந்த சட்டம், விரும்புவோர் மட்டும் சம்பந்தத்தைப் பதிவுசெய்ய வழிவகுத்தது. பதிந்தோர் மிகச் சிலரே. சம்பந்தம் முழுச் சட்டமணமாவதற்கு 1933 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

வடமலபார் மாப்பிள்ளை முஸ்லிம்களிடத்தும் இத்தாயமுறை வேரூன்றியிருந்தது. அவர்தம் தன்னீட்டச் சொத்திற்கு ஷரீஅத் வாரிசுமுறையை 1918-ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிசெய்தது. ஆப்பிரிக்கக் கானா நாட்டின் அக்கான் மக்களும் தாய்வழித் தாயத்தினரே. அங்கு மனைவி மக்களுக்கு உரிய பங்கை 1985-ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கிற்று.

வழக்காறு மக்களின் உடைமை. அதனை மதியாத சட்டம் ஏட்டளவில் நின்றுவிடும். எனினும், வழக்காற்றின் பெயரால் ஒரு விதவையும் அவள் மக்களும் தெருவில் நிற்பதை அறம் பொறுக்குமா? இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணிப் பார்க்கும் உள்ளமே நீதியுள்ளம். சட்டம் பயில விழையும் நம் மாணவச் செல்வங்கள் அச்சிலையின் முன் ஒருகணம் நிற்பாராக.