'புல்லிட்' கார் சேஸிங்கில் மிரட்டிய டிரைவர்: யார் இந்த பில் ஹிக்மேன்?

சினிமாவுக்காக கார் பறக்கவிடும் 'ஸ்டண்ட்மேன்' கேம் 2002-ல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்தது. தப்பு நடந்தா திரும்ப ஆரம்பிக்கலாம். அதே வேலையை நிஜத்தில் செய்தவர் பில் ஹிக்மேன். 1921-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர்.

நடிகர் ஜேம்ஸ் டீனின் நண்பர் இவர். 1955 செப்டம்பர் 30. டீன் தன் போர்ஷேயில் முன்னால் போக, ஹிக்மேன் ஸ்டேஷன் வேகனில் பின்னால் வந்தார். கலிபோர்னியா நெடுஞ்சாலையில் விபத்து. இவர் வந்து சேர்ந்தபோது போர்ஷே நொறுங்கிக் கிடந்தது. இறந்துபோன டீனுக்கு வயது 24.

அதுக்கப்புறமும் ஸ்டியரிங்கை விடல.

1968-ல் 'புல்லிட்'. சான் பிரான்சிஸ்கோவின் ஏற்ற இறக்கத் தெருக்களில் ஸ்டீவ் மெக்குயினின் மஸ்டாங்குக்கு தண்ணி காட்டும் கறுப்பு டாட்ஜ் சார்ஜரை ஓட்டினது இவர்தான். கண்ணாடி போட்ட அந்த வில்லனும் இவரே! சுமார் 10 நிமிட சேஸிங், கிராபிக்ஸ் கிடையாது.

1971-ல் 'தி பிரெஞ்ச் கனெக்‌ஷன்'. புரூக்ளினில் மேலே ரயில், கீழே துரத்தும் கார். சில காட்சிகளில் சாலையை மூடவே இல்லை. எதிரே வந்தது நிஜ வண்டிகள். இன்னைக்கு யாரும் அனுமதிக்க மாட்டாங்க, அனுமதிக்கவும் கூடாது.

இரண்டு படங்களுக்கும் எடிட்டிங் ஆஸ்கர் கிடைத்தது. ஸ்டண்டுக்கு அப்போது ஆஸ்கரே இல்லை. ஹிக்மேன் 1986-ல் இறந்தார். 2027-ல் வரும் படங்களுக்குத்தான் முதல் ஸ்டண்ட் ஆஸ்கர் என்று அகாடமி அறிவித்திருக்கிறது.