கல்லில் வடித்த தாய்

கணவனை முன்னாட் போரிற் பறிகொடுத்த பின்னும், தன் ஒரே மகன் கையில் வேலைக் கொடுத்துக் களத்துக்கு அனுப்பிய தாயைப் புறநானூற்றிற் காண்கின்றோம். அப்பாட்டைப் பல்லாண்டுகளாக மாணவர்க்குக் கற்பித்து வருகின்றேன். அவளது மறத்தை வியந்ததன்றி, மகன் சென்றபின் அவள் நெஞ்சம் என்னாயிற்று என நான் எண்ணியதில்லை. அவ்வினாவை என்னுள் எழுப்பியது ஜேர்மன் நாட்டு ஓவியர் கேத்தே கொல்விற்ஸ் அம்மையாரின் வரலாறு.

அம்மையார் 1867ஆம் ஆண்டு கோனிக்ஸ்பேர்க் நகரிற் பிறந்தார். தம்பி குழந்தைப் பருவத்தில் இறந்தபோது, தாயார் துயரை வெளிக்காட்டாது அடக்கியதைக் கண்டு வளர்ந்தார். 1891இல் மருத்துவர் கார்லை மணந்து, பேர்லினில் தொழிலாளர் வாழும் பகுதியிற் குடியேறினார். 1903இல், இறந்த குழந்தையைத் தழுவும் தாயைச் செதுக்கோவியமாக்க விரும்பி, ஏழு வயது மகன் பீற்றரை மடியிலேந்திக் கண்ணாடியிற் பார்த்து வரைந்தார்.

1914இற் போர் மூண்டது. பதினெட்டு வயதுப் பீற்றர் படையிற் சேர விழைந்தான். தந்தை இசையவில்லை, தாயே மகனுக்காகப் பரிந்து பேசி இசைவு பெற்றுக் கொடுத்தார். அவ்வாண்டு ஒக்டோபரில் பெல்ஜியக் களத்தில் அவன் வீழ்ந்தான்.

இழந்தவர்மீது கொண்ட பற்று சிறிது சிறிதாகவே விடுபடும் என்றும், விடுபடாதவிடத்துத் தன்னையே பழிக்கும் நோயாக மாறுதலும் உண்டு என்றும் உளப்பகுப்பாய்வறிஞர் புரொய்ட் 1917இல் விளக்கினார். அம்மையார் அப்பழியைக் கல்லோடு கொண்டுபோனார். மகனுக்கெனத் தொடங்கிய நினைவுச்சின்னம் 1932இலேயே நிறைவெய்தியது. அதில் மகனுருவம் இல்லை. தாயும் தந்தையும் தனித்தனியே முழந்தாளிட்டிருக்கின்றனர். தம் தாய் அடக்கிய துயரை மகள் ஊரறியச் செய்தார் எனலாம்.

ஆயினும் துயரின் வழிமுறை அறவில்லை. மூத்த மகன் ஹான்ஸ் தன் மகனுக்கு, மாண்ட தம்பியின் பெயரையே இட்டிருந்தான். 1942இன் தொடக்கத்தில், சிறுவரைத் தன் கைகளால் மூடிக் காக்கும் முதியவளொருத்தியை அம்மையார் கல்லச்சில் வரைந்தார். அவ்வாண்டு செப்டெம்பரில் பேரன் பீற்றரும் உருசியக் களத்தில் மாண்டான். 1945 ஏப்பிரல் 22ஆம் நாள், போர் முடியச் சில நாள்களே இருக்க, அம்மையார் மறைந்தார்.

பெயர் கைமாறுவதுபோலத் துயரும் கைமாறுகின்றது. இனி அப்புறப்பாட்டைக் கற்பிக்கும்போது, அத்தாயின் மறுநாளையும் எண்ணிப் பார்க்குமாறு மாணவரைக் கேட்பேன்.