அடைப்புக்குறியை நீக்கிய போலந்து அறிஞர்

எங்கள் துறை விரிவுரையாளர் ஒருவரின் மேசையில் பழைய எச்.பி. 12சி கணிப்பான் ஒன்று இருக்கும். ஒருமுறை அவசரத்துக்கு அதைக் கேட்டு வாங்கி 2, கூட்டல், 3 என்று தட்டினேன். திரையில் 3 மட்டுமே நின்றது. சமக்குறியைத் தேடினால் அப்படி ஒரு பொத்தானே இல்லை. கெட்டுப்போன பொருள் போலும் என்று திருப்பிக் கொடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே 2-ஐத் தட்டி, நெட்டையாக இருந்த ‘என்டர்’ பொத்தானை அழுத்தி, 3-ஐத் தட்டி, கடைசியாகக் கூட்டலை அழுத்தினார். விடை வந்தது.

எனக்கு உடனே தமிழ்ப்பள்ளி ஞாபகம்தான் வந்தது. இரண்டோடு மூன்றைக் கூட்டு என்றுதானே நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? எண்கள் முன்னால், வினை கடைசியில். இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு ‘டுவா தம்பா தீகா’ என்று கூட்டலை நடுவில் வைத்துப் பழகிவிட்டோம். அந்தக் கணிப்பான் தமிழ் இலக்கணப்படி கணக்குப் போடுகிறது என்று நான் சொன்னதை விரிவுரையாளர் நம்பவில்லை. இந்த முறைக்கு வேர் போலந்து நாட்டில் இருக்கிறது என்றார். அந்த வேரைத் தேடிப் போனபோது கிடைத்தவர்தான் யான் வுகாஷேவிச்.

இவர் 1878 டிசம்பர் 21-ஆம் நாள் லுவூஃப் நகரில் பிறந்தார். அன்று அது ஆஸ்திரியப் பேரரசின் நகரம், பின்பு போலந்துடையதாயிற்று, இன்று லிவிவ் என்ற பெயரில் உக்ரேனில் இருக்கிறது. தந்தை ஆஸ்திரிய இராணுவத்தில் கேப்டன். சட்டம் படிக்கச் சேர்ந்த மகன் கணிதத்துக்கும் தத்துவத்துக்கும் மாறினார். 1902-இல் முனைவர் பட்டம் பெற்றபோது பேரரசர் ஃபிரான்ஸ் யோசெப்பின் பெயரால் வைர மோதிரம் ஒன்றும் கிடைத்தது. அந்த அளவுக்குக் கெட்டிக்கார மாணவர்!

1915-இல் வார்சா பல்கலைக்கழகம் மீண்டும் திறக்கப்பட்டபோது அங்குக் கற்பிக்கச் சென்றார். 1919-இல் சுதந்திர போலந்தின் கல்வி அமைச்சர்களில் ஒருவராகவும் இருந்தார். பின்னர் இருமுறை அதே பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பை வகித்தார். ஆனால் பதவிகளைவிட அவர் மனத்தை ஆட்கொண்டிருந்த கேள்வி வேறு. நாளை ஒரு கடற்போர் நடக்கும் என்று இன்று ஒருவர் சொன்னால், அது இன்றே மெய்யா, பொய்யா? அரிஸ்டாட்டில் காலத்துக் கேள்வி இது. இன்றே மெய் என்றால் நாளைய போரை யாராலும் தடுக்க முடியாது. மனிதனின் விருப்பத்துக்கு அங்கே இடமில்லை. இதை வுகாஷேவிச்சால் ஏற்க முடியவில்லை. மெய், பொய் இரண்டோடு மூன்றாவதாக ஒரு மதிப்பைச் சேர்த்து, 1920-இல் மும்மதிப்பு அளவையியலை வெளியிட்டார். விதியை எதிர்த்து ஒருவர் கணிதத்தில் வழக்காடியதாக நான் கேள்விப்பட்டது இதுதான் முதல்முறை.

1924-இல் தோன்றிய குறியீட்டு யோசனை அவருக்கு ஒரு வசதி மட்டுமே. நீண்ட தருக்க வாய்பாடுகளில் அடைப்புக்குறிகள் குவிந்து கண்ணைக் குழப்பின. செயலைக் குறிக்கும் எழுத்தை முதலில் எழுதி, அது எவற்றின்மேல் செயல்படுகிறதோ அவற்றைப் பின்னால் எழுதினால் அடைப்புக்குறியே வேண்டியதில்லை என்று கண்டார். நம் கணக்கில் சொன்னால், 2-ஐயும் 3-ஐயும் கூட்டி 4-ஆல் பெருக்குவதை × + 2 3 4 என்று எழுதிவிடலாம். வேறு எப்படியும் படிக்க முடியாது. அவருடைய பெயரை உச்சரிக்க முடியாமல்தான் உலகம் இதைப் போலந்துக் குறியீடு என்று அழைத்ததாம். பிறப்புப் பத்திரத்தில் நம் பெயர்கள் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

1939 செப்டம்பரில் ஜெர்மானியக் குண்டுகள் வார்சா மீது விழுந்தன. அவருடைய வீடு எரிந்தது. நூலகமும் கையெழுத்துப் படிகளும் சாம்பலாயின. அரிஸ்டாட்டிலைப் பற்றி எழுதி அச்சுக்குக் கொடுத்திருந்த நூலும் அச்சகத்தோடு அழிந்தது. பல்கலைக்கழகம் மூடப்பட்டது. அறுபது வயதைக் கடந்தவர் நகர ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்துக்கொண்டே இரகசியமாக வகுப்பு நடத்தினார். வார்சா குழுவைச் சேர்ந்த லிண்டன்பாம் என்ற யூத அறிஞர் 1941-இல் கொல்லப்பட்டார்.

இதன் பிறகு அவர் செய்ததை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. 1944 ஜூலையில், சோவியத் படை நெருங்கி வந்த வேளையில், அவரும் மனைவியும் வார்சாவை விட்டு ஜெர்மனிக்கே சென்றார்கள். சுவிட்சர்லாந்துக்குப் போய்ச் சேர்வதுதான் நோக்கம். உதவியவர் முன்ஸ்டர் நகரப் பேராசிரியர் ஹைன்ரிக் ஷோல்ஸ். இவர் ஜெர்மானியராயினும் போலந்து அறிஞர்களுக்காகப் பரிந்து பேசி, சாலாமுகா என்ற பாதிரியாரை வதைமுகாமிலிருந்து மீட்க முயன்றவர்களில் ஒருவர். சில நாள்களில், ஆகஸ்ட் 1-ஆம் தேதி, வார்சா மக்கள் ஆயுதம் ஏந்தி எழுந்தார்கள். மீட்கப்பட்ட அதே சாலாமுகா அந்த எழுச்சியில் கொல்லப்பட்டார். வுகாஷேவிச் போனது தவறா? இங்கே நிம்மதியாக உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஊரை எரித்தவர்களின் நாட்டுக்கே அடைக்கலம் தேடிப் போனது உறுத்தத்தான் செய்கிறது.

சுவிட்சர்லாந்துக்கு அவர் போய்ச் சேரவில்லை. போர் முடிந்ததும் பெல்ஜியம் சென்று, 1946-இல் அழைப்பின் பேரில் அயர்லாந்தை அடைந்தார். கணித ஆசிரியராக இருந்த பிரதமர் டி வலேரா அவரை வரவேற்றார். ராயல் ஐரிஷ் அகாடமியில் பேராசிரியர் பதவி கிடைத்தது. எரிந்துபோன அரிஸ்டாட்டில் நூலைப் பத்தாண்டுகளுக்குப் பிறகு மீண்டும் தொடங்கினார், இம்முறை ஆங்கிலத்தில். 1951-இல் அது வெளிவந்தபோது அவருக்கு வயது 72.

1956 பிப்ரவரி 13-ஆம் நாள் டப்ளினில் காலமானார். மறு ஆண்டே ஆஸ்திரேலியத் தத்துவ அறிஞர் சார்ல்ஸ் ஹேம்ளின் அவருடைய குறியீட்டைத் தலைகீழாக்கி, எண்கள் முன்னால், செயல் பின்னால் என்று கணினிக்குப் பொருத்திக் காட்டினார். எண்களைத் தட்டுகளைப்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு, செயல் வந்ததும் மேலிருக்கும் இரண்டை எடுத்துக் கணக்கிட்டு, விடையை மேலே வைப்பதுதான் வேலை. முன்னர்ச் சொன்ன கணக்குக்கு அடைப்புக்குறி உள்ள கணிப்பானில் எட்டு அழுத்தங்கள்; இதில் ஆறு. 1963-இல் ஃபிரிடன் நிறுவனத்தின் மேசைக் கணிப்பானும், 1972-இல் சட்டைப்பைக்குள் அடங்கும் எச்.பி. 35-உம் இம்முறையில் வந்தன. 1970-களிலும் 80-களிலும் எச்.பி. கணிப்பான்கள் பல சிங்கப்பூரில்தான் பொருத்தப்பட்டன. விரிவுரையாளருடைய கணிப்பானைப் புரட்டிப் பார்த்தேன். பின்பக்கத்து எழுத்து முழுவதும் தேய்ந்திருந்தது.

வுகாஷேவிச்சின் உடல் டப்ளினின் மவுண்ட் ஜெரோம் கல்லறையில் அறுபத்தாறு ஆண்டுகள் கிடந்தது. 2022-இல் அவருடைய எச்சங்களைத் தோண்டி எடுத்து வார்சாவுக்குக் கொண்டு சென்று, பொவோங்ஸ்கி கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.