கேன்சருக்கு கிருமி ஊசி: யார் இந்த டாக்டர் கோலி?

வைரஸை ஊசியில் ஏற்றி கேன்சரை அழிக்கலாம் என்ற செய்தி இன்று பாப்பிரெட்டிப்பட்டியில் இருப்பவரின் செல்போனுக்கும் வந்துவிடுகிறது. படித்ததும் எழும் முதல் கேள்வி, அந்தக் கிருமியே ஆளைக் கொன்றுவிடாதா என்பதுதான். நியாயமான பயம். 130 வருடங்களுக்கு முன்பே, வைரஸுக்குப் பதில் பாக்டீரியாவை வைத்து இந்த விஷப்பரீட்சையில் இறங்கியவர் நியூயார்க் சர்ஜன் வில்லியம் கோலி. (நம்ம கிரிக்கெட் கோலி இல்லை!)

1862-ல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் பிறந்து, ஹார்வர்டில் மருத்துவம் படித்தவர். டாக்டராகி மூன்றே வருடத்தில், கையில் சார்கோமா கட்டி வந்த 17 வயதுப் பெண்ணைக் காப்பாற்ற முடியாமல் போனது. கையையே எடுத்தும் பலனில்லை. 1891 ஜனவரியில் இறந்தாள். அதன் பிறகு கோலி பழைய ஆஸ்பத்திரி ரெக்கார்டுகளைப் புரட்ட ஆரம்பித்தார். ஒரு கேஸ் கண்ணில் பட்டது. ஒருவருக்குக் கழுத்துக் கட்டி, எத்தனை ஆபரேஷன் செய்தும் திரும்ப வந்தது. கடைசியில் தோலில் பாக்டீரியா தொற்றிக் கடும் காய்ச்சல் அடிக்க, கட்டி கரைந்துவிட்டது. கோலி அந்த ஆளைத் தெருத்தெருவாகத் தேடிப் பிடித்தார். ஆள் நன்றாக இருந்தார்.

அதே வருடம், தொண்டைக் கட்டியால் சாப்பிடவே முடியாத ஒரு இத்தாலியருக்கு உயிருள்ள ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவை ஊசியில் போட்டார். காய்ச்சல் கொதித்தது, கட்டி கரைந்தது. எட்டு வருடங்களுக்கு மேல் வாழ்ந்தார் அவர். ஆனால் அடுத்து ஊசி போட்டுக்கொண்டவர்களில் இரண்டு பேர் தொற்றிலேயே இறந்துபோனார்கள். ஆன்டிபயாடிக் இல்லாத காலம். ஏற்றிய கிருமியை அடக்க வழியே கிடையாது.

கோலி அங்கே நின்றுவிடவில்லை, கண்ணை மூடிக்கொண்டு தொடரவும் இல்லை. 1893-லிருந்து, கொல்லப்பட்ட பாக்டீரியாக்களின் கலவைக்கு மாறினார். சிலருக்குக் குணமானது, பலருக்கு இல்லை. தயாரிப்புக்குத் தயாரிப்பு வீரியம் மாறியது, அவர் வைத்திருந்த குறிப்புகளும் ஒழுங்காக இல்லை. இதற்குள் ரேடியம் வந்துவிட, சக டாக்டர்கள் பலர் நம்ப மறுத்தார்கள். 1936-ல் இறந்தார். மகள் ஹெலன், அப்பாவின் கேஸ்களைத் தொகுத்து, 1953-ல் கேன்சர் ஆராய்ச்சி நிறுவனத்தையே தொடங்கினார்.

உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கேன்சர் மீது ஏவலாம் என்ற அவருடைய எண்ணம்தான் இன்றைய வைரஸ் சிகிச்சையிலும் இருக்கிறது. 2015-ல் அமெரிக்கா அனுமதித்த டி-வெக், மெலனோமா என்ற தோல் கேன்சருக்கானது. அது ஹெர்பெஸ் வைரஸ்தான். ஆனால் நோய் உண்டாக்கும் வீரியத்தைக் குறைக்க அதன் ஜீன்களில் கைவைத்திருக்கிறார்கள். காய்ச்சல், குளிர், அசதி சகஜம். எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் போடுவதில்லை. ஊசி போட்ட இடத்தைக் கட்டுப் போட்டு மூடிவைக்க வேண்டும். வீட்டில் கூட இருப்பவர்கள் வெறும் கையால் தொடக் கூடாது.