பெட்ரோல் பங்கில் ஒரு மனிதரின் பெயர்

பெட்ரோல் பங்கில் டீசல் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது முதலில் எண்ணெயின் பெயர் அல்ல. ஒரு மனிதரின் பெயர். ருடால்ப் டீசல் என்பவர் கண்டுபிடித்த என்ஜினுக்கு அவர் பெயர் வந்தது. பிறகு அதில் ஊற்றும் எண்ணெய்க்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

1858ம் ஆண்டு மார்ச் 18ம் தேதி பாரீஸ் நகரில் பிறந்தார் ருடால்ப். பெற்றோர் ஜெர்மானியர்கள். அப்பாவுக்குத் தோல் சாமான்கள் செய்யும் தொழில். அவற்றைத் தள்ளுவண்டியில் வைத்து வாங்குபவர் வீட்டுக்குக் கொண்டு போவது சிறுவனின் வேலை. நேரம் கிடைத்தால் அருங்காட்சியகத்துக்கு ஓடிவிடுவான். அங்கே இருந்த பழைய நீராவி வண்டியைப் பார்த்துக்கொண்டே நிற்பான்.

அவனுக்கு 12 வயதானபோது, 1870ல் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் போர் மூண்டது. ஜெர்மானியர்கள் பாரீஸை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. குடும்பம் லண்டனுக்குப் போனது. அங்கே வறுமை. பையனை மட்டும் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். அந்த உறவினர் ஒரு கணக்கு ஆசிரியர். கணக்கு ஆசிரியர் வீட்டில் வளர்ந்த பிள்ளை சும்மா இருக்குமா? படிப்பில் முதலிடம்தான். உதவித்தொகை பெற்று மியூனிக் நகரின் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கே குளிர்பதன இயந்திரங்களை உருவாக்கிய லிண்டே என்ற பேராசிரியர் பாடம் நடத்தினார். நீராவி என்ஜினில் போடும் நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு கூட வேலையாக மாறுவதில்லை, மீதியெல்லாம் வீண் என்று அவர் விளக்கினார். அதைக் கேட்ட டீசல், வீணாகாத என்ஜின் ஒன்றைச் செய்ய முடியுமா என்று நோட்டின் ஓரத்தில் குறித்து வைத்தார். அந்த ஓரக் குறிப்புதான் அவர் வாழ்க்கை முழுவதையும் எடுத்துக்கொண்டது.

அவர் கண்ட வழி என்ன தெரியுமா? சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கும். காற்றை நெருக்கினால் அது சூடாகும். ரொம்பவும் நெருக்கினால் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். அந்தக் காற்றில் எண்ணெயைத் தெளித்தால் போதும், தானே பற்றிக்கொள்ளும். பெட்ரோல் என்ஜினில் இருப்பது போலத் தீப்பொறி தரும் பிளக் வேண்டாம்.

சொல்வது சுலபம். 1893ல் ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில் முதல் சோதனை நடந்தபோது, அழுத்தத்தை அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. டீசல் உயிர் தப்பினார். 1894 பிப்ரவரி 17ம் தேதி, தொழிற்சாலை பெல்ட்டால் என்ஜினைச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று பெல்ட் என்ஜினை இழுப்பதற்குப் பதில், என்ஜின் பெல்ட்டை இழுத்தது! அதைக் கவனித்த தொழிலாளி ஒன்றும் பேசாமல் தொப்பியைக் கழற்றி வணங்கினாராம். ஓடியது ஒரே நிமிடம்தான். 1897ல் முழு வெற்றி. வெப்பத்தில் நூற்றுக்கு 26 பங்கு வேலையாக மாறியது. அந்தக் காலத்து நீராவி என்ஜின்கள் அருகே நிற்க முடியாத அளவு அது.

இந்த என்ஜினுக்கு ஒரு எதிரி உண்டு. அதுதான் குளிர். கனடாவிலும் அமெரிக்காவின் அலாஸ்காவிலும் குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி வரை போவது உண்டு. காலையில் பள்ளி பஸ்ஸை ஸ்டார்ட் செய்வது அங்கே பெரிய பாடு. உள்ளே வரும் காற்றே பனி போல இருக்கும். அதை நெருக்கிச் சூடாக்கினாலும், சில்லிட்டுக் கிடக்கும் இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும். பற்ற வைக்கத் தீப்பொறியும் கிடையாது. போதாக்குறைக்கு பேட்டரி பலம் இழக்கும். என்ஜின் ஆயில் கெட்டியாகும். மார்கழிக் காலையில் நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் உறைவது போல, டீசலில் இருக்கும் மெழுகும் உறைந்து பில்டரை அடைத்துக்கொள்ளும்.

அதனால் அங்கே டிரைவர்கள் இரவில் பஸ்ஸை நிறுத்தும்போது, என்ஜினோடு பொருத்திய ஹீட்டரின் ஒயரை மின்சார பிளக்கில் செருகி வைப்பார்கள். அது என்ஜின் தண்ணீரை விடியும் வரை சூடாக வைத்திருக்கும். காலையில் சாவியைத் திருப்பியதும் சில என்ஜின்களில் ஹீட்டர் பிளக் பழுக்கக் காயும். சிலவற்றில் உள்ளே போகும் காற்றையே சூடாக்கும் ஹீட்டர் இருக்கும். சில விநாடி பொறுத்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். குளிர்காலத்துக்கென்றே உறையாத டீசலும் விற்கிறார்கள்.

டீசலின் முதல் என்ஜின் சுமார் மூன்று மீட்டர் உயரம். தொழிற்சாலைக் கூடத்திலேயே நின்று ஓடியது. பனியில் நிற்கும் தொல்லை அதற்கு இல்லை. அவருக்கு வந்த தொல்லை வேறு. உரிமை வாங்கிய கம்பெனிகள் பல, என்ஜினைச் சரியாகச் செய்யவில்லை. பழுதான என்ஜின்கள் திரும்பி வந்தன. வழக்குகள் வந்தன. சம்பாதித்த லட்சக்கணக்கான பணத்தை நிலத்திலும் எண்ணெய்க் கிணறுகளிலும் போட்டு இழந்தார். உடம்பும் கெட்டது. இத்தனைக்கும் 1912ல் டென்மார்க்கின் செலாண்டியா என்ற பெரிய கப்பல் டீசல் என்ஜினில் கடல் கடந்து ஓடியது. உலகமே அவர் பெயரைச் சொன்னது; கையில்தான் காசு இல்லை.

1913 செப்டம்பர் 29ம் தேதி மாலை, பெல்ஜியத்தில் இருந்து இங்கிலாந்து செல்லும் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். இரவு சாப்பிட்டுவிட்டு, காலையில் எழுப்பச் சொல்லிவிட்டு அறைக்குப் போனார். காலையில் அறை காலி. படுக்கை கலையவே இல்லை. அவருடைய தொப்பியும் மேல்கோட்டும் மேல்தளத்தில் கிடந்தன. சில நாள் கழித்து ஒரு படகுக்காரர்கள் கடலில் ஒரு உடலைக் கண்டார்கள். அதன் சட்டைப்பையில் இருந்த பொருட்கள் அப்பாவுடையவை என்று மகன் அடையாளம் காட்டினார். அவர் எப்படிக் கடலில் விழுந்தார் என்பது இன்று வரை யாருக்கும் தெரியாது. வயது 55.

டீசல் என்ஜின் வைத்த லாரிகள் பரவலானதை அவர் பார்க்கவில்லை. 1924ல் அப்படி ஒரு லாரியைச் செய்து, நூரம்பெர்க் நகர் வரை ஓட்டிக் காட்டினார்கள். அது புறப்பட்ட இடம் ஆக்ஸ்பர்க். செய்தது, 1893ல் அவருடைய முதல் என்ஜினைச் சோதித்த அதே தொழிற்சாலை.