சாரணத் தந்தை பேடன் பவல்

பிழைப்பு நாடிப் பெருநகரில் குடியேறிய நம்மனோர்க்குக் கவலைகள் பல உண்டு. அவற்றுள் தலையாயது மக்களைப் பற்றிய கவலையே. ஊரில் பெரியப்பாவும் மாமாவும் அண்டை வீட்டுப் பாட்டியும் கண்காணித்த பிள்ளைகளை இங்கே கண்காணிப்பார் யார்? நகரத்துச் சிறுவரைப் பற்றிய இக்கவலையை நூறாண்டுக்கு முன்பே உணர்ந்து, அதற்கொரு வழி கண்ட ஒருவரின் வரலாற்றை இம்மலரின் வாயிலாக அன்பர்கள் முன் வைக்க விழைகின்றோம். அவர்தாம் பேடன் பவல் பிரபு. அவர் தொடங்கிய சாரணர் இயக்கம் இந்திய மண்ணில் முதன்முதல் வேரூன்றியது நாம் வாழும் இப்பெங்களூரிலேதான்.

பேடன் பவல் 1857ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். மூன்று வயதிலேயே தந்தையை இழந்தார். பெரிய குடும்பத்தைத் தாயார் ஹென்றியட்டா தனியே தாங்கினார். தமையன்மார் தம்பியைப் படகில் ஏற்றிச் சென்று கடலையும் காற்றையும் கற்பித்தனர். பள்ளியிலோ, ஆசிரியர் கண்ணில் படாமல் அருகிலிருந்த காட்டுக்குள் நுழைந்து, விலங்குகளின் அடிச்சுவடு பார்ப்பதே அவருக்கு இன்பமாயிற்று. மூத்தோர் இளையோரைக் கைப்பிடித்து நடத்துவதன் பயனை அவர் ஏட்டிலன்றி வீட்டிலேயே கற்றார்.

1876இல் படைத்துறை அலுவலராக இலக்னோ வந்தார். பின்னாளில் இந்தியாவிலேயே வீரர்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து வேவுக்கலை பயிற்றினார். அப்பயிற்சியை விளக்கும் நூல் 1899இல் வெளிவந்தது. அவ்வாண்டே தென்னாப்பிரிக்காவில் மாபெகிங் நகரம் முற்றுகைக்குள்ளாயிற்று. 217 நாள் நீடித்த அம்முற்றுகையில், நகரத்துச் சிறுவர்கள் கொண்ட ஒரு படை செய்தி கொண்டு செல்லும் பணியைச் செவ்வனே செய்தது. பொறுப்பை நம்பி ஒப்படைத்தால் சிறுவனும் பெரியவனாகிறான் என்ற உண்மை அவர் உள்ளத்தில் பதிந்தது. ஆயினும் அம்முற்றுகையில் கறுப்பின மக்கள் பட்ட பசித்துயரை வரலாறு மறக்கவில்லை. நாமும் மறைத்தல் முறையன்று.

நாடு திரும்பியவர், படைவீரருக்கென எழுதிய தம் நூலைச் சிறுவர்கள் ஆவலுடன் பயிலக் கண்டார். ஆலைப்புகை சூழ்ந்த நகரங்களில் உடலும் உள்ளமும் நலிந்து திரிந்த இளைஞரையும் கண்டார். 1907ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பிரவுன்சீ என்னும் சிறு தீவில் ஏறத்தாழ இருபது சிறுவரைக் கூட்டி முகாம் நடத்தினார். செல்வர் பயிலும் பள்ளியின் மாணவரும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே ஒரே கூடாரத்தில் துயின்றனர்; ஒரே பானையில் உண்டனர். நான்கு அணிகளாகப் பிரிந்தனர். ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனே தலைவன். இயக்கத்தின் உயிர்நாடி இதுவேயாம்: பெரியவர் வழிகாட்டுவார், பொறுப்பைச் சுமப்பவன் சிறுவனே.

1908இல் சிறுவருக்கான நூல் பகுதி பகுதியாக வெளிவந்ததும், எவரும் அழையாமலே பிள்ளைகள் அணி திரண்டனர். மறு ஆண்டு இலண்டன் பேரணியில் சிறுமியரும் வந்து நின்று தமக்கும் இடம் கேட்டனர். 1910இல் அவருடைய தமக்கையார் அல்லர், தங்கையார் ஆக்னஸின் துணையோடு அவர்களுக்கும் தனி இயக்கம் பிறந்தது. 1920இல் பேடன் பவல் உலகத் தலைமைச் சாரணராக ஏற்கப்பெற்றார்.

பெங்களூரில் 1909ஆம் ஆண்டு பிஷப் காட்டன் பள்ளியில் கேப்டன் பேக்கர் முதற் சாரணர் குழுவை அமைத்தார். ஆனால் அந்நாளில் இயக்கத்தின் கதவு ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கே திறந்திருந்தது. இந்தியச் சிறுவன் வெளியே நின்றான். உடன்பிறப்புணர்வு பேசிய இயக்கம் உடனிருந்த பிள்ளையைப் புறக்கணித்தது பெருங்குறையன்றோ! அக்குறை கண்டு அன்னி பெசன்ட் அம்மையார் அருண்டேல் அவர்களுடன் 1916இல் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தை நிறுவினார். வடக்கே மதன் மோகன் மாளவியா முதலியோர் சேவா சமிதிச் சாரணர் படையைக் கண்டனர். 1921இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது அம்மையாரின் சங்கம் தாய் இயக்கத்தோடு இணைந்தது, கதவும் திறந்தது.

1937இல் தில்லிப் பெருங்கூட்டத்திற்கு மீண்டும் வந்து சென்ற அவர், இந்தியரின் தன்மானத்தைக் குறைத்துப் பேசியதாக வெளிவந்த செய்தி நம்மவரைப் புண்படுத்தியது. 1938இல் இந்துஸ்தான் சாரணர் சங்கம் தோன்றியது. கருத்தில் கொள்க: நம்மவர் அவரது சொல்லை மறுத்தனர், அவர் கண்ட வழியை மறுக்கவில்லை. தன்மானம் இழவாமலே நல்லதை ஏற்றனர். விடுதலைக்குப் பின் 1950ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் பிரிந்தவை ஒன்றாகிப் பாரத சாரணர் இயக்கம் மலர்ந்தது. மறு ஆண்டு சாரணியரும் அதில் இணைந்தனர்.

பேடன் பவல் 1941ஆம் ஆண்டு சனவரி 8ஆம் நாள் கென்யாவில் நையேரி என்னும் ஊரில் இயற்கை எய்தினார்.

அவர் வாழ்விலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? பிள்ளைகளுக்கு அறிவுரையைக் குறைத்துப் பொறுப்பைக் கூட்டுவோமாக. நம் காலனியிலே பெரிய பிள்ளைகள் சிறு பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக் கற்பிக்கட்டும். சங்க விழாவின் பந்தியையும் மேடையையும் அவர்களே ஏற்று நடத்தட்டும். தவறுவார்கள், தவறித் திருந்துவார்கள். அவர்கள் அருகில் பொறுமையுடன் நிற்கும் அண்ணன்மாராகவும் அக்காமாராகவும் நம் இளைஞர் விளங்குவாராயின், ஊரில் விட்டு வந்த உறவுகளின் கண்காணிப்பை இந்நகரத்திலும் நாம் பெற்றவராவோம்.

வாழ்க இளைஞர்! வளர்க நம் சங்கம்!