சேப்பாக்கத்து மரநிழலும் சந்தவாசல் திடலும்

சந்தவாசலில் நான் சிறுவனாக இருந்தபோது, பொழுது சாயும் வேளையில் குழித்தறியை விட்டு எழுந்துவரும் இளைஞர்கள் திடலில் கோடு கிழித்துச் சடுகுடு ஆடுவார்கள். பகல் முழுவதும் ஆரணிக் கடைகளுக்காகப் பட்டு நெய்த கால்களுக்கும் முதுகுக்கும் அது ஒன்றே விடுதலை. அந்த அணி பக்கத்து ஊர்களில் வென்றதும் தோற்றதும் எங்களுக்கு மனப்பாடம். இன்று அதன் வரலாற்றை எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கம்கூடத் தேறாது. பதிவேடு இல்லை, கணக்குப் புத்தகம் இல்லை, உறுப்பினர் பட்டியல் இல்லை. ஆடியவர்கள் இருந்தார்கள், கழகம் இருக்கவில்லை. இந்த வேறுபாட்டின் பொருளை எனக்கு உணர்த்தியது ஒரு மனிதரின் வாழ்க்கை.

அவர் மோதவரபு வெங்கட மகிபதி நாயுடு. சென்னை அவரைப் புச்சிபாபு என்றே அறியும். 1868ஆம் ஆண்டு பிறந்தவர். ஆங்கிலேய வணிக நிறுவனங்களுக்குத் துபாஷிகளாக இருந்து பொருள் ஈட்டிய செல்வக் குடும்பம் அவருடையது. மயிலாப்பூரில் லஸ் பகுதியில் இருந்த மாளிகையில் வளர்ந்தார். வெள்ளையர் பழக்கவழக்கங்களை நெருங்கிக் கண்டவர். கிரிக்கெட்டையும் டென்னிசையும் விரும்பி ஆடியவர். ஆட்சியாளரோடு இணங்கி வாழ்ந்து, வசதியாகக் காலம் கழித்துவிட்டுப் போகக்கூடிய நிலையில் பிறந்தவர் என்பதை மறந்துவிடக் கூடாது.

அன்றைய சென்னையில் கிரிக்கெட் என்றால் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப். 1846இல் தொடங்கப்பட்டு, 1860களில் சேப்பாக்கத்தில் நிலைகொண்ட அந்தக் கழகம் ஐரோப்பியர்களுக்கானது. இந்தியர்கள் எதிரணியாக அங்கே சென்று ஆடலாம். ஆனால் ஆட்டக்காரர் மாடத்தில் அவர்களுக்கு இடம் கிடையாது. நண்பகல் உணவு வேளையில் வெள்ளையர் மாடத்துக்குள் செல்ல, இந்தியர்கள் வெளியே மரநிழலில் அமர்ந்து உண்டனர். பந்து வீசும்போது சமமாக இருந்தவர்கள், சோறு உண்ணும்போது சமமாக இல்லை.

இதற்குப் புச்சிபாபு தந்த விடை 1888இல் வந்தது. அப்போது அவருக்கு வயது இருபது. கோட்டைக்கு அருகில் எஸ்பிளனேடு திடலில் மெட்ராஸ் யுனைடெட் கிளப் என்ற கழகத்தை நிறுவினார். மனு எழுதவில்லை, மாடத்தில் இடம் கேட்டு நிற்கவுமில்லை. ஆடுகளம் அமைத்தார். மட்டை, பந்து, காலுறை ஆகியவற்றைத் தம் செலவில் வாங்கி, வசதியற்ற இளைஞர்களும் ஆட வழிசெய்தார். தம் வீட்டுப் புல்வெளியிலும் பயிற்சி நடத்தினார். இந்தியர்களும் ஒழுங்காகக் கூடி, பயின்று, ஓர் அணியாக நிற்க முடியும் என்பதை ஆண்டுக்கு ஆண்டு காட்டினார்.

இதே காலத்தில், இன்னொரு ஆங்கிலேயக் குடியேற்ற நாட்டிலும் இதே புண் வலித்தது. அயர்லாந்தில் மைக்கேல் கியூசாக் என்ற ஆசிரியர், 1884 நவம்பர் 1 அன்று தர்லெஸ் நகரத்தின் விடுதி ஒன்றில் சிலரைக் கூட்டி, கேலிக் விளையாட்டுச் சங்கத்தைத் தொடங்கினார். அவரும் ஆங்கிலேயரின் ஆட்டங்களை நன்கு ஆடியவர்தாம். ஆனால் அவர் தேர்ந்த வழி வேறு. ஹர்லிங் போன்ற சொந்த மண்ணின் ஆட்டங்களுக்கு விதி வகுத்து, ஊர்தோறும் கழகம் எழுப்பும் வழி அது. இரண்டே ஆண்டுகளில், 1886இல், செயலாளர் பதவியிலிருந்து அவரையே சங்கம் நீக்கியது. நிறுவியவர் போனார், நிறுவனம் நின்றது. அந்தச் சங்கமும் பிறகு அந்நிய ஆட்டம் ஆடுவோரை உள்ளே விடாத விதியை வைத்துக்கொண்டு, 1971இல்தான் அதைக் கைவிட்டது. விலக்கப்பட்டவர்களும் விலக்கக் கற்றுக்கொள்வார்கள் என்பதற்கு அது சான்று.

பொருளியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு இங்கே ஜேம்ஸ் புக்கனன் நினைவுக்கு வருகிறார். கழகங்களைப் பற்றிய பொருளியல் கோட்பாடு ஒன்றை அவர் 1965இல் வெளியிட்டார். சில வசதிகளை ஒருவர் தனியாக வாங்க இயலாது. ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் பயன்படுத்தவும் இயலாது. ஆகவே ஓர் அளவுள்ள குழு செலவைப் பகிர்ந்து, பயனையும் பகிர்ந்துகொள்கிறது. உறுப்பினர் எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பது நெரிசலைத் தவிர்க்க. சேப்பாக்கத்து மாடத்தின் கதவை மூடியது நெரிசல் அன்று, நிறம். புச்சிபாபுவின் கழகமோ கதவைத் திறந்தது. ஆனால் செலவைப் பகிரவில்லை, பெரும்பகுதியை ஒருவரே சுமந்தார். அதன் வலிமையும் அதுதான், அதன் பலவீனமும் அதுதான்.

இருபது ஆண்டு உழைப்பின் பயனாக, சென்னை மாகாணத்து இந்தியர்களும் ஐரோப்பியர்களும் இரு அணிகளாக மோதும் ஆட்டத்துக்கு ஆங்கிலேயர் இசைந்தனர். அத்தரப்பில் இதற்குத் துணைநின்றவர் பார்ட்ரிட்ஜ். 1908ஆம் ஆண்டின் இறுதியில் ஆட்டம் குறிக்கப்பட்டது. இந்திய அணிக்குத் தலைமை தாங்கவேண்டியவர் புச்சிபாபு. ஆட்டத்துக்குச் சில நாட்களுக்கு முன் அவர் காலமானார். வயது நாற்பது. ஆட்டம் நிறுத்தப்படவில்லை, குறித்தபடி நடந்தது. அவருக்கு அதைவிடச் சிறந்த அஞ்சலியை எண்ணிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அந்த ஆட்டமே பின்னாளில் சென்னைவாசிகள் ஆண்டுதோறும் காத்திருந்த பொங்கல் ஆட்டமாக வளர்ந்து, 1952 வரை நீடித்தது. அவர் பெயரிலான போட்டி 1909இல் தொடங்கியது. அவருடைய மக்கள் மூவரும் கிரிக்கெட் ஆடினர். அவர்களுள் சி. ராமசாமி 1922இல் டேவிஸ் கோப்பை டென்னிசிலும், 1936இல் இங்கிலாந்தில் டெஸ்ட் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்காக ஆடினார். தென்னிந்தியக் கிரிக்கெட்டின் தந்தை என்று புச்சிபாபுவை அழைப்பது வெறும் உபசாரம் அன்று.

ஆயினும் ஒரு கணக்கை நாம் பார்த்தே ஆகவேண்டும். புச்சிபாபு, ஆள்வோரின் ஆட்டத்தையே எடுத்து, அதில் அவர்களுக்கு நிகராக நின்றார். கியூசாக், ஆள்வோரின் ஆட்டத்தை விட்டு விலகித் தம் மக்களின் ஆட்டத்துக்கு வீடு கட்டினார். இரண்டும் தன்மானத்தின் வழிகளே. முதல் வழியில் நடந்த நமக்குச் சென்னையில் நல்ல கழகங்கள் கிடைத்தன. சிற்றூரின் சடுகுடுவுக்கு மட்டும் அப்படி வீடு கட்டும் ஒருவர் எளிதில் வாய்க்கவில்லை. 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது கபடியை உலகுக்கு ஆடிக்காட்டியது மராத்தி மொழி வழங்கும் அமராவதியின் உடற்பயிற்சிக் கழகம். 1990இல் ஆசிய விளையாட்டில் கபடி இடம்பெற்றது. இன்று தொலைக்காட்சியில் அது பெரும் வணிகம். ஆனால் அந்த வணிகம் ஊர்த் திடலுக்குக் கழகத்தைக் கொண்டுவந்து தராது. அதை ஊர்தான் செய்ய வேண்டும்.

புச்சிபாபுவைப் போன்ற செல்வர் ஒருவர் வருவார் என்று சிற்றூர்கள் காத்திருப்பதில் பயனில்லை. வந்தாலும் நாற்பது வயதில் போய்விடக்கூடும். அயர்லாந்தின் ஊர்க் கழகங்கள் நூற்றுநாற்பது ஆண்டுகளாக நிலைத்திருப்பதற்குக் காரணம், சுமை பலர் தோளில் இருப்பதே. அங்கே ஆடுபவர்கள் இன்றும் ஊதியம் பெறுவதில்லை.

நமக்கும் கருவிகள் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975 முதல் இருக்கிறது. ஒரு சங்கத்தைப் பதிவுசெய்து, மாதச் சந்தா வைத்து, வரவு செலவை எழுதி, ஆண்டுக்கு ஒருமுறை பேரவை கூட்டினால் போதும். திடலுக்குக் கேடு வரும் நாளில், ஊராட்சியிடம் சென்று பேச ஒரு பெயரும் ஒரு முத்திரையும் இருக்கும். தனித்தனியே நிற்கும் பத்து இளைஞர்களுக்கு அது இருக்காது.

சென்ற மாதம் சந்தவாசல் சென்றபோது, மாலையில் பையன்கள் கோடு கிழித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவனிடம் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்து, அன்று ஆடியவர்களின் பெயர்களையும் புள்ளிகளையும் எழுதச் சொன்னேன். எழுதிக் காட்டினான். மேலே தேதி போடவில்லை, போடச் சொன்னேன்.